வெளிநாட்டு ரோடும் நம்ம ரோடும்: திரும்பத் திரும்ப வர்ற சந்தேகங்கள்

நான் இருக்குறது ஸ்வீடன்ல, கோத்தன்பர்க்ல. வால்வோவும் அத சுத்தியிருக்குற கம்பெனிகளும் இங்கதான், அதனால சென்னை, கோவைல இருந்து புதுசா ஆளுங்க வந்துட்டே இருப்பாங்க, வந்த வாரமே ரோட்டப் பத்தி கேள்வி ஆரம்பிச்சிடும். ஊருக்கு ஃபோன் பண்ணா மாமா, சித்தப்பா வேற மாதிரி கேப்பாங்க, துபாய், சிங்கப்பூர்ல இருக்குற தம்பிங்க வேற மாதிரி. பதில் மட்டும் ஒண்ணுக்கொண்ணு தொடர்பு இருக்குற மாதிரியே இருக்கு, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன். கேள்வி அவங்க கேட்டபடியே இருக்கு.

அங்க ஜனங்களே ஒழுக்கமானவங்க, நம்மாளுங்களுக்கு அது ரத்தத்துலயே கிடையாதுடா. சரிதானே மாப்ள?

சரியில்ல மாமா. 1966ல ஸ்வீடன்ல 1,300 பேருக்கு மேல ரோட்டுல செத்தாங்க, அப்போ மொத்த நாட்டுக்கும் ஜனத்தொகை 80 லட்சம் கூட இல்ல. இப்போ ஒரு கோடிய தாண்டிடுச்சு, வண்டியும் பல மடங்கு ஆயிடுச்சு, ஆனா சாவு வருஷத்துக்கு 200 சொச்சம்தான். ஜப்பான்ல 1970ல மட்டும் 16,765 பேர் செத்தாங்க, 2023ல அது 2,678. நெதர்லாந்துல 1971ல சுமார் 3,300 பேர், அதுல 400க்கு மேல குழந்தைங்க. அதே ஜனங்க, அதே ரத்தம்தான்.

நெதர்லாந்துல புள்ளைங்கள பறிகுடுத்த அப்பா அம்மாவும் மத்த ஜனங்களும் 'குழந்தைகளைக் கொல்றத நிறுத்து'ன்னு பேர் வெச்சே ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க, தெருவ மறிச்சாங்க, பார்லிமெண்ட் வரைக்கும் போனாங்க. 1973ல எண்ணெய் தட்டுப்பாடு வந்து ஞாயித்துக்கிழமைல கார் ஓட்டவே கூடாதுன்னு அரசாங்கம் சொன்னப்போ, கார் இல்லாத தெரு எப்படி இருக்கும்னு எல்லாரும் கண்ணால பாத்தாங்க. இன்னைக்கு நாம பாத்து ஆச்சரியப்படுற சைக்கிள் பாதையெல்லாம் அதுக்கப்புறம் சண்ட போட்டு வாங்குனது, பிறவிக்குணம் ஒண்ணும் இல்ல.

இந்தியாவுல ஜனம் ஜாஸ்தி, அதான் சாவும் ஜாஸ்தி. கணக்கு போட்டா எல்லாம் ஒண்ணுதான்?

2022ல இந்தியாவுல ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேர். லட்சம் பேருக்கு எத்தனன்னு பாத்தா சுமார் 12, ஸ்வீடன்ல அது 2. அப்போ ஜனத்தொகைய கழிச்சாலும் ஆறு மடங்கு வித்தியாசம் இருக்கு. அதுவும் இங்க கிட்டத்தட்ட வீட்டுக்கு ஒரு கார், நம்ம ஊர்ல பாதிப்பேர் பஸ்ஸும் பைக்கும்தான்.

இதுல கவனிக்க வேண்டியது அமெரிக்கா. பணக்கார நாடு, லேன்ல ஒழுங்கா போறாங்க, ஸ்டாப் போர்டு பாத்தா நிக்குறாங்க, ஆனாலும் வருஷத்துக்கு 40,000 பேர் கிட்ட சாவுறாங்க, லட்சத்துக்கு கணக்கு போட்டா நம்மளுக்கு ரொம்ப தூரத்துல இல்ல. அவங்க ஒவ்வொருத்தரும் ஓட்டுற தூரம் அதிகம், வண்டி பெருசு, ஊருக்குள்ளயே நாலு லேன் ஆறு லேன்னு வேகமா போற மாதிரி ரோடு. லேன்ல ஒழுங்கா போறது மட்டுமே போதும்னா அமெரிக்காவும் ஸ்வீடன் மாதிரிதான் இருந்திருக்கணும்.

இந்த ஜீரோ விஷன்னு சொல்றீங்களே, சாவே இருக்கக் கூடாதுன்னா அது நடக்குற காரியமா அண்ணா?

1997 அக்டோபர்ல ஸ்வீடன் பார்லிமெண்ட்ல பாஸ் பண்ணது. இன்னும் ஜீரோ ஆகல, ஆனா அதோட அடிப்படைய புரிஞ்சுக்கிட்டா மத்த எல்லா பதிலும் ஈஸியா புரியும். மனுஷன் தப்பு பண்ணுவான், தூங்குவான், கவனம் சிதறும், அது மாறாது. அந்தத் தப்புக்கு தண்டனையா உயிர் போகக் கூடாது, அதனால ரோடு போடுறவனும் வண்டி செய்யுறவனும் பொறுப்பு ஏத்துக்கணும். இத கொண்டு வந்ததுல முக்கியமானவர் கிளேஸ் டிங்வால்.

அதுக்கு மனுஷ உடம்பு எவ்வளவு அடி தாங்கும்னு வெச்சு வேகத்த முடிவு பண்றாங்க. நடக்குறவங்க, சைக்கிள்காரங்க கலந்து போற எடத்துல 30. பக்கவாட்டுல வந்து மோத வாய்ப்பிருக்குற ஜங்ஷன்ல 50. எதிரெதிர மோத வாய்ப்பிருந்தா 70. அதுக்கு மேல போகணும்னா நடுவுல தடுப்பு இருக்கணும். எல்லா ரோட்டையும் இப்படி மாத்தி முடிக்கல, ஆனா புதுசா ஒரு ரோடு போட்டா இந்தக் கணக்குதான் முதல்ல வரும்.

ஹைவேல ஒரு பக்கம் ரெண்டு லேன், இன்னொரு பக்கம் ஒரு லேன், நடுவுல கம்பி கட்டிருக்கு. பாதிலயே காசு தீந்து போச்சா?

இது புதுசா வர்ற எல்லாரும் கேக்குறது. காசு இல்லாம விட்டது இல்ல, வேணும்னே அப்படிப் போட்டதுதான். முன்னாடி அதெல்லாம் 13 மீட்டர் அகலமான சாதா ரோடு, ஓரம் அகலமா இருக்கும், ஓவர்டேக் பண்றவன் நடுவுல ஏறுவான், எதிர வர்றவனும் ஏறுவான், நேருக்கு நேர் மோதி கொத்தா சாவாங்க. நாலு லேனா அகலப்படுத்த பணமும் நெலமும் ஏகப்பட்டது வேணும். அதனால இருக்குற அகலத்துலயே மூணு லேனா பிரிச்சு, நடுவுல எஃகு கம்பி வடம் கட்டிட்டாங்க, சில கிலோமீட்டருக்கு ஒரு தடவ அந்த ரெண்டாவது லேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி வரும், ஓவர்டேக் பண்ண எல்லாருக்கும் வாய்ப்பு வரும்.

1998ல யெவ்லே ஊர் பக்கத்துல ஈ4 ரோட்டுலதான் முதல் தடவ பண்ணாங்க. கம்பி பைக் ஓட்டுறவன அறுத்துடும்னு பயந்து எதிர்த்தவங்க நெறைய. ஆனா இப்படி மாத்துன ரோடுகள்ல சாவு முக்கால்வாசிக்கு மேல குறைஞ்சது. பனிக்காலம் முடிஞ்சு அந்தப் பக்கம் போனீங்கன்னா பாருங்க, வரிசையா அஞ்சாறு தூண் சாஞ்சு கெடக்கும், கம்பி தொங்கும், பக்கத்துல ஆரஞ்சு கோன் வெச்சிருப்பாங்க. அந்த எடத்துல ஒருத்தன் வழுக்கி எதிர் லேனுக்குப் போகப் பாத்துருக்கான், கம்பி புடிச்சு நிறுத்திருக்கு, அவன் வீட்டுக்குப் போய்ட்டான். எனக்கு இந்த நாட்டுலயே ரொம்பப் புடிச்ச விஷயம் அந்த சாஞ்ச தூண்தான். நம்ம ஊர்ல பல எடத்துல சென்டர் மீடியன உடைச்சு குறுக்க வழி பண்றோம், அத நெனச்சா வயிறு எரியுது.

அங்க ஹாரனே அடிக்க மாட்டாங்களாமே, அப்புறம் முன்னாடி போறவனுக்கு நாம வர்றது எப்படித் தெரியும்?

அவன் கண்ணாடியில பாப்பான். நம்ம ஊர்ல ஹாரன்னா "நான் பின்னாடி இருக்கேன், பாத்துக்கோ"ன்னு சொல்றது, லாரி பின்னாடியே 'சவுண்ட் ஹாரன்'னு எழுதி வெச்சிருக்கோம், ஏன்னா லேன் கெடையாது, பாதிப்பேர் பைக்குல கண்ணாடிய மடக்கியோ கழட்டியோ வெச்சிருப்பான். இங்க ஹாரன் ஆபத்துக்கு மட்டும். இங்கிலாந்துல நின்னுட்டிருக்குற வண்டியில அடிக்கக் கூடாது, ஊருக்குள்ள ராத்திரி 11.30ல இருந்து காலைல 7 வரைக்கும் அடிக்கவே கூடாது. இங்க நீங்க பழக்கதோஷத்துல லேசா அடிச்சாலும் எதிராளிக்கு அது திட்டுன மாதிரி படும், அதனால முதல் மாசம் கைய அந்தப் பக்கமே கொண்டு போகாதீங்க.

ஹெட்லைட்ட அடிச்சுக் காமிச்சான், நான் நின்னுட்டேன், அவனும் நின்னுட்டான். ஏன் அண்ணா?

இத இங்கிலாந்துல இருக்குற தங்கச்சி ஒருத்தி கேட்டா. நம்ம ஊர்ல லைட் அடிச்சா "நான் வர்றேன், நீ நில்லு". அங்க வழக்கத்துல "நீங்க போங்க". சட்டப்புத்தகத்துல ரெண்டுமே கெடையாது, நான் இங்க இருக்கேன்னு தெரியப்படுத்த மட்டும்தான் அடிக்கலாம்னு இருக்கு. ஸ்வீடன்ல எதிர வர்றவன் அடிச்சா பெரும்பாலும் உங்க ஹைபீம் எரியுதுன்னு அர்த்தம், இல்லன்னா முன்னாடி ரோட்டுல மூஸ் மாதிரி பெரிய மிருகம் நிக்குதுன்னு அர்த்தம், ரெண்டுக்குமே வேகத்தக் குறைங்க. ரூல் புக்க விட இந்த மாதிரி எழுதாத சைகைலதான் புது ஆளுங்க மாட்டிக்கிறாங்க.

ஜீப்ரா கிராஸிங்ல எல்லா வண்டியும் நிக்குமா? கண்ண மூடிட்டு நடக்கலாமா?

கண்ண மூடாதீங்க. சிக்னல் இல்லாத ஜீப்ரால நீங்க கால் வைக்கப் போறீங்கன்னு தெரிஞ்சாலே கார்காரன் வழி விடணும், அந்தச் சட்டமே 2000 மே மாசம்தான் வந்தது. ஆனா கோத்தன்பர்க்ல முக்கியமான ஒண்ணு இருக்கு, டிராம் நிக்காது. ஜீப்ரா கோடு போட்டிருந்தாலும் டிராமுக்கு நாமதான் வழி விடணும். கார் நிக்குற பழக்கத்துல டிராம் முன்னாடியும் இறங்கிடுறாங்க, அது பல டன் இரும்பு, நெனச்ச எடத்துல நிக்காது. புதுசா வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் முதல்ல சொல்றது இதான்.

இன்னொண்ணு, குளிர்காலத்துல நாலு மணிக்கே இருட்டிடும். பாட்டிங்க நடக்குறதுக்குப் புடிச்சுத் தள்ளிட்டுப் போற வண்டில, புள்ளைங்க பள்ளிக்கூடப் பையில, எல்லாரும் கோட்டு ஓரத்துல கயிறு கட்டி ஒரு சின்ன ரிஃப்ளெக்டர் தொங்க விட்டிருப்பாங்க. கறுப்பு ஜாக்கெட்டுல போனா கிட்ட வந்ததுக்கப்புறம்தான் டிரைவருக்கு ஆள் தெரியும், அது இருந்தா நூறு மீட்டருக்கு முன்னாடியே வெள்ளப் புள்ளி ஆடுறது தெரியும். மளிகைக் கடையிலயே கெடைக்கும், வந்த அன்னைக்கே வாங்கிடுங்க.

வலது பக்கம் ஓட்டுறது பயமா இருக்குங்க, எப்படிப் பழகுறது?

ஸ்வீடன் நாடே ஒரே நாள்ல பழகுச்சு. 1967 செப்டம்பர் 3 வரைக்கும் இங்கயும் நம்மள மாதிரி இடது பக்கம்தான். 1955ல ஜனங்ககிட்ட ஓட்டு கேட்டப்போ 83 சதவீதம் பேர் மாத்தக் கூடாதுன்னாங்க, அப்புறமும் அரசாங்கம் மாத்திச்சு. அன்னைக்கு விடியற்காலை 5 மணிக்கு எல்லா வண்டியும் நின்னு அடுத்த பக்கம் மாறுச்சு. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் விபத்து குறைஞ்சது, ஏன்னா எல்லாரும் பயந்து மெதுவா ஓட்டுனாங்க. பயம் தெளிஞ்சதும் பழைய கணக்குக்கே திரும்பிடுச்சு. பயமுறுத்துறதோ விழிப்புணர்வு வாரமோ கொஞ்ச நாளைக்குத்தான்னு இதுல இருந்தே தெரியும், அதனாலதான் மேல சொன்ன கம்பி மாதிரி வேல தேவைப்பட்டது.

உங்களுக்கு யோசனை: நேர் ரோட்டுல பிரச்சன வராது, காலி ரோட்டுல இடது பக்கம் திரும்பும்போதும், பெட்ரோல் பங்க்ல இருந்து வெளிய வரும்போதும்தான் பழைய பக்கத்துக்கு கை போகும். அங்க மட்டும் வாய்விட்டு "வலது"ன்னு சொல்லிக்கிட்டே திரும்புங்க. போர்டே இல்லாத சின்ன ஜங்ஷன்ல உங்க வலது பக்கத்துல இருந்து வர்றவனுக்கு வழி விடணும், அவன் ரோடு சின்னதா இருந்தாலும் சரி. ஜெர்மனிலயும் நெதர்லாந்துலயும் இதேதான்.

இந்திய லைசென்ஸ் இருக்கு, பத்து வருஷம் ஓட்டிருக்கேன், மாத்திக் குடுக்க மாட்டாங்களா?

ஸ்வீடன்ல மாத்தித் தர மாட்டாங்க. இங்க குடியிருக்குறவரா ரெஜிஸ்டர் ஆன நாள்ல இருந்து 1 வருஷம் ஓட்டலாம், அப்புறம் முதல்ல இருந்து எடுக்கணும். தியரில மார்க்குக்கு 65 கேள்வி, 52 சரியா இருந்தாதான் பாஸ். அது போக ரெண்டு ரிஸ்க் ட்ரைனிங். ஒண்ணு குடி, போதை, தூக்கம் பத்தி உக்காந்து பேசுறது. இன்னொண்ணுல வழுக்குற டிராக்குல கார விடுவாங்க, நீங்க பிரேக் அடிப்பீங்க, அது உங்க பேச்சக் கேக்காம போய்க்கிட்டே இருக்கும். பல எடத்துல கவுந்த கார்ல பெல்ட்டோட தலகீழா தொங்க விட்டு வெளிய வரச் சொல்வாங்க. நல்லா ஓட்டுவேன்னு நெனப்பு இருக்குறவங்களுக்குத்தான் இது ரொம்ப அவசியம்.

ஜெர்மனில இன்னும் விலாவாரியா இருக்கும், லைசென்ஸ் எடுக்கவே முதலுதவி கோர்ஸ் முடிக்கணும், ஊர் வெளிரோடு, ஆட்டோபான், ராத்திரின்னு 12 கட்டாய ஓட்டம். நம்ம ஊர்ல 8 போட்டுக் காமிச்சு லைசென்ஸ் வாங்குறதுக்கும் இதுக்கும் உள்ள தூரம் பெருசு.

கேமரா இருக்குன்னு முன்னாடியே போர்டு வெச்சிருக்கானே, அப்போ எப்படிப் புடிப்பான்?

புடிக்கிறதுக்காக வெக்கல, அந்த எடத்துல மெதுவா போகணும், அவ்வளவுதான். விபத்து அதிகமா நடக்குற ரோட்டுலதான் கேமரா இருக்கும். மீறுனா டிரைவர் முகத்தோட படம் எடுக்கும், ஃபைன் ஓட்டுனவருக்கு. லிமிட்டுக்கு மேல 30 கிலோமீட்டர் தாண்டிட்டா லைசென்ஸே போய்டும், அங்க பேரம் கெடையாது. ஃபின்லாந்துல வருமானத்துக்குத் தகுந்த ஃபைன், அதனால பணக்காரங்க லட்சம் யூரோவுக்கு மேல கட்டுன கதையெல்லாம் நெஜம்.

துபாய்ல இருக்குற தம்பி "லிமிட்டுக்கு மேல 20 வரைக்கும் அடிக்காதுண்ணே"ன்னான். அதான் பிரச்சன, 120 போர்டு இருந்தா எல்லாரும் 140தான் லிமிட்டுன்னு ஓட்டுறாங்க, 120ல போறவன லைட் அடிச்சு விரட்டுறாங்க. அபுதாபி 2018 ஆகஸ்ட்ல அந்த சலுகையவே எடுத்துட்டு, போர்டுல என்ன இருக்கோ அதான் லிமிட்டுன்னு ஆக்கிடுச்சு. எனக்கு அதான் சரின்னு படுது.

ஒரு பீர் அடிச்சுட்டு ஓட்டலாமா? எந்த நாட்டுல எவ்வளவு?

எந்த நாட்டுலயும் வேணாம். ஆனா இதுல பலருக்குத் தெரியாத ஒண்ணு: ஸ்வீடன்ல 100 மில்லி ரத்தத்துல 20 மில்லிகிராம் லிமிட், இந்தியாவுல 30, ஜெர்மனில 50, இங்கிலாந்துல 80. சட்டப்படி பாத்தா நாம இங்கிலாந்த விட எவ்வளவோ கடுமை. ஆனா இங்க போலீஸ் எந்தச் சந்தேகமும் இல்லாமயே யார வேணா நிறுத்தி ஊதச் சொல்லலாம், திங்கக்கிழமை காலைல ஆபீஸ் போறப்பகூட நிறுத்துவாங்க. மாட்டுவோம்னு தெரியுறதுதான் பயம், தண்டனையோட அளவு அதுக்கப்புறம்தான்.

ஜப்பான்ல 2006ல ஃபுகுவோகால குடிச்சுட்டு ஓட்டுனவன் மோதி மூணு சின்னக் குழந்தைங்க செத்தாங்க. நாடே கொதிச்சுப் போய் 2007ல சட்டத்த மாத்துனாங்க, ஓட்டுனவன் மட்டும் இல்ல, அவனுக்கு வண்டி குடுத்தவன், ஊத்திக் குடுத்தவன், தெரிஞ்சே கூட உக்காந்து வந்தவன் எல்லாருக்கும் தண்டனை. அதுக்கப்புறம் ஃப்ரெண்ட தடுக்குறது கூட இருக்குறவனோட சொந்தப் பிரச்சன ஆயிடுச்சு.

நெதர்லாந்துல சைக்கிள்காரன் தப்பா வந்து மோதுனாலும் கார்காரன்தான் பணம் கட்டணுமாமே, அநியாயம் இல்லையா?

நஷ்டஈட்டுக்கு மட்டும் அந்தச் சட்டம், ஜெயிலுக்கு இல்ல. 14 வயசுக்குக் கீழ இருக்குற குழந்தைன்னா கிட்டத்தட்ட எப்பவுமே முழு நஷ்டஈடு கார் பக்கம், பெரியவங்கன்னா அவங்க மேல தப்பு இருந்தாலும் பொதுவா பாதியாவது. பெரும்பாலும் இன்சூரன்ஸ் குடுக்கும். ஒன்றரை டன் வண்டிய ஓட்டிட்டு வந்தவன் ஆபத்தக் கொண்டு வந்துருக்கான், அதனால பொறுப்பும் அவனுக்குத்தான் கூடன்னு அவங்க நெனக்கிறாங்க. நம்ம ஊர்லயும் பெரிய வண்டி மேலதான் கேஸ்னு சொல்லுவோம், ஆனா அது நடுரோட்டுல கூட்டம் கூடி முடிவு பண்றது, இது சட்டத்துல எழுதினது.

ஜெர்மனில லிமிட்டே இல்லாம ஓட்டுறாங்க, அங்க சாவும் கம்மி. அப்போ வேகம் பிரச்சன இல்லதானே?

இது நல்ல கேள்வி. ஆட்டோபான்ல நடக்குறவன் இல்ல, சைக்கிள் இல்ல, மாடு இல்ல, எதிர் வண்டி இல்ல, வலது பக்கமா ஓவர்டேக் பண்ணவே கூடாது. மூணாவது கேள்வில சொன்ன கணக்குப்படி அது நடுவுல தடுப்பு இருக்குற ரோடு. ஜெர்மனிலயும் பாதிக்கு மேல சாவு தடுப்பு இல்லாத ஊர் வெளிரோட்டுல, லிமிட் 100 இருக்குற எடத்துலதான். 130க்கு மேல போய் விபத்துன்னா தப்பு ஒங்க மேல இல்லன்னாலும் கோர்ட் ஒங்க பங்கையும் கேக்கலாம். அத வெச்சு ஈசிஆர்ல 140 போனா கணக்கு தப்பு.

சிங்கப்பூர்ல அவ்வளவு ரூல்ஸ், ஆனா எங்க தம்பி டெய்லி லாரி பின்னாடி உக்காந்துதான் வேலைக்குப் போறான். அது எப்படி?

இத கேட்டவங்களுக்கு பதில் சொல்லவே கஷ்டமா இருந்துச்சு. பொதுவா சரக்கு வண்டியில ஆள் ஏத்தக் கூடாதுன்னுதான் அங்கயும் சட்டம், வேலையாளுங்கள வேல எடத்துக்குக் கொண்டு போக மட்டும் விலக்கு. கார்ல பின்சீட்டுல பெல்ட் போடலன்னா ஃபைன், லாரித் தட்டுல பெல்ட்டே கெடையாது. 2021 ஏப்ரல்ல தீவு விரைவுச்சாலைல ஒரு லாரி நின்னுட்டிருந்த டிப்பர் மேல மோதி ரெண்டு தொழிலாளிங்க செத்தாங்க. மேல கூரை, உயரமான கம்பி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவின்னு பல வருஷத்துல ஒவ்வொண்ணா கொண்டு வந்தாங்க, ஆனா தடை பண்ணல, பஸ்சும் டிரைவரும் பத்தாது, கம்பெனிங்களுக்கு செலவு தாங்காதுன்னு காரணம் சொல்றாங்க. எனக்கு அந்தக் காரணம் ஏத்துக்க முடியல. நம்ம தஞ்சாவூர், புதுக்கோட்டை பசங்க உக்காந்து போற லாரி அது. தம்பிகிட்ட சொல்லுங்க, பக்கப் பலகை மேல உக்காராம கீழ உக்காரணும், டிரைவர் தூக்கக் கலக்கத்துல இருந்தா சூப்பர்வைசர்கிட்ட கூச்சப்படாம சொல்லணும்.

லீவுக்கு வந்தா ஊர்ல எப்படி ஓட்டுறது? ஜீப்ரால நின்னா பின்னாடி இருக்குறவன் இடிச்சுடுவான்.

நெஜந்தான், இடிப்பான். முதல்ல கண்ணாடில பாருங்க, பின்னாடி பஸ்ஸோ தண்ணி லாரியோ ஒட்டி வந்தா திடீர்னு நிக்காதீங்க, முன்னாடியே பிரேக்க லேசா ரெண்டு தடவ தொட்டு சிவப்பு லைட்ட காமிச்சுட்டு மெதுவாக்குங்க. மத்தபடி ஊருக்குத் தகுந்த மாதிரி ஹாரன் அடிங்க, தப்பில்ல. ஆனா ரெண்டு விஷயத்துல ஊரோட ஒத்துப் போகாதீங்க. பின்சீட்டுல பெல்ட், 2022ல டாடா குழுமத்தோட முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி செத்தது பின்சீட்டுல பெல்ட் போடாம. அப்புறம் குழந்தைய முன்சீட்டுல மடியில வெச்சுக்கிறது. ஏர்பேக் விரியுற வேகத்துல அடிச்சா குழந்தை தாங்காது. ஸ்வீடன்ல நாலு வயசு வரைக்கும் பின்பக்கம் பாத்த மாதிரிதான் சீட் வெக்கச் சொல்வாங்க, ஊருக்கு வரும்போது அந்த சீட்டையே ஃப்ளைட்ல போட்டுக் கொண்டு வாங்க.

யாராவது அடிபட்டுக் கெடந்தா தூக்குனா போலீஸ் கேஸ்ல மாட்டிப்போமே?

இப்போ அப்படி இல்ல. 2016ல உச்ச நீதிமன்றம் வழிமுறை கொண்டு வந்தது, 2019 திருத்தத்துல மோட்டார் வாகனச் சட்டத்துலயே 134ஏன்னு சேத்துட்டாங்க. உதவி பண்ணவங்க பேர், விலாசம் குடுக்கணும்னு கட்டாயப்படுத்த முடியாது, சாட்சியா வரணும்னும் கட்டாயம் இல்ல. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல இருந்து விபத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசு திட்டம் இருக்கு, அதுல சேந்த தனியார் ஆஸ்பத்திரிலயும் பாப்பாங்க. 108க்கு அடிங்க, கழுத்து முதுகுல அடின்னு தோணுனா அசைக்காதீங்க, ரத்தம் வர்ற எடத்த துணி வெச்சு அமுத்திப் புடிங்க. ஜெர்மனில உதவி பண்ணாம போனாத்தான் குத்தம்.

சரி, எல்லாம் கேட்டாச்சு. நம்ம ஊர்ல மாறவா போகுது?

ஒரு தடவ மாறுச்சு, அத யாரும் பேச மாட்டேங்குறாங்க. தமிழ்நாட்டுல 2016ல ரோட்டுல செத்தவங்க 17,000க்கு மேல, 2019ல 10,500 சொச்சம். கொரோனாவுக்கு முன்னாடியே இது நடந்துச்சு. ஆம்புலன்ஸ எங்க நிறுத்தணும்னு விபத்துக் கணக்கப் பாத்து மாத்துனாங்க, அரசு ஆஸ்பத்திரிகள்ல விபத்து சிகிச்சைக்குத் தனி ஏற்பாடு பண்ணாங்க, அடிக்கடி விபத்து நடக்குற எடத்த சரி பண்ணாங்க, லைசென்ஸ சஸ்பெண்ட் பண்ணாங்க. ஜனங்க அதே ஜனங்கதான், முதல் கேள்விக்கு இதான் என்னோட நேரடி பதில். 2022ல மறுபடி 17,000 தாண்டிடுச்சு, விட்டுட்டா ஏறிடும்.

நீங்க பண்ணக்கூடியது ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு மாவட்டத்துலயும் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கு, தலைவர் கலெக்டர். உங்க ஊர்ல திரும்பத் திரும்ப அடிபடுற ஜங்ஷன் எதுன்னு டீக்கடைல கேட்டாலே சொல்வாங்க. அங்க போய் போட்டோ எடுங்க, எந்தெந்த மாசம் யார் யார் அடிபட்டாங்கன்னு விசாரிச்சு எழுதுங்க, எஃப்ஐஆர் நம்பர் கெடைச்சா சேருங்க, "பாதுகாப்பு வேணும்"னு பொதுவா எழுதாம வேகத்தடையா, தெருவிளக்கா, மீடியன்ல இருக்குற ஓட்டைய அடைக்கணுமான்னு குறிப்பா கேளுங்க, திங்கக்கிழமை மனு நாள்ல குடுத்துட்டு ரசீது வாங்கிக்கோங்க. மனு எழுதத் தயக்கமா இருந்தா விவரத்த எனக்கு அனுப்புங்க, நான் எழுதித் தர்றேன்.